உள்ளங்கை அகலம்

நான் கதை எழுதுகிறவன். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, மேலே படிக்க வசதியும் பொறுமையும் இல்லாமல் நின்றுவிட்டவன். இப்படிப்பட்டவன் கம்ப்யூட்டர் சமாசாரத்தைப் பற்றி எழுதப் புறப்பட்டால், "உனக்கு ஏனப்பா இந்த வேலை?" என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். சோறு குழைந்துவிட்டது என்று சொல்வதற்குச் சமையல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சாப்பிடுகிறவனாக இருந்தால் போதும்.

நான் குடியிருக்கும் திருநின்றவூர், சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில் ஆவடிக்கு அப்பால் இருக்கிறது. காலை வேளையில் எங்கள் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால், அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் போகிற ஜனங்கள் வரிசையாக நிற்பார்கள். சாப்பாட்டுப் பை தோளில், செல்போன் கையில். அந்தக் கையகலக் கண்ணாடிதான் அவர்களுக்குப் பத்திரிகை, பாங்கு, தாலுகா ஆபீஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம். மேஜைமேல் வைக்கிற கம்ப்யூட்டர் இவர்களில் அநேகர் வீட்டில் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் ஓர் அம்மாள் ஒருநாள் இரவு எட்டரை மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பக்கத்தில் அவளுடைய மகள். பெண் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கித் தேறியிருந்தாள். ஒரு ஸ்தாபனம் கொடுக்கும் உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். விண்ணப்பத்தை இணையத்தில்தான் போட வேண்டும். அன்று நள்ளிரவோடு கெடு முடிகிறது.

"சாயந்தரத்திலேருந்து அழுத்தறா சார், போகவே மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் பாருங்களேன்" என்றாள் தாயார்.

வாங்கிப் பார்த்தேன். மூலையில் கீறல் விழுந்த ஐந்தங்குலப் போன். அந்தக் கண்ணாடிக்குள் ஒரு முழு மேஜைக் கம்ப்யூட்டரின் பக்கத்தைச் சுருட்டி அடக்கியிருந்தார்கள். எழுத்துக்கள் எறும்புச் சாரி மாதிரி தெரிந்தன. இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினேன். பெரிதாக்கினால் வலப்பக்கத்துக் கட்டம் தெரிகிறது. அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லும் இடப்பக்கத்து வாசகம் கண்ணை விட்டு ஓடிவிடுகிறது. இடது பக்கம் தள்ளினால் கட்டம் ஓடிவிடுகிறது. அந்தப் பெண் தகப்பனார் பெயரைத் தாயார் கட்டத்திலும் தாயார் பெயரைத் தகப்பனார் கட்டத்திலும் எழுதி வைத்திருந்ததில் ஆச்சரியம் இல்லை. போனைக் குறுக்காகத் திருப்பினேன். தட்டெழுத்துப் பலகை பாதிக் கண்ணாடியை மூடிக்கொண்டது.

எப்படியோ ஒன்றரை மணி நேரம் போராடிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். அந்தப் பக்கம் விரலால் விரித்தாலும் பெரிதாகவில்லை. இப்படியும் அப்படியும் தள்ளினாலும் நகரவில்லை. வலப்புற ஓரம் வெட்டுண்டு நின்றது. 'விண்ணப்பத்தைச் சமர்...' என்ற மட்டும் ஒரு வரி தெரிந்தது. அழுத்த வேண்டிய பொத்தான் கண்ணாடிக்கு வெளியே, ஆகாசத்தில், எங்கேயோ இருந்தது! என் வீட்டு லாப்டாப் அன்றைக்குப் பார்த்து ரிப்பேருக்குப் போயிருந்தது. ஸ்டேஷன் பக்கத்து பிரௌஸிங் சென்டருக்கு ஓடினோம். கதவை இறக்கிப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், 'கடைசித் தேதி முடிந்துவிட்டது' என்ற அறிவிப்பு மட்டும் வெகு பளிச்சென்று, பெரிய எழுத்தில், போன் கண்ணாடிக்குள் அழகாக அடங்கி நின்றது.

அந்தப் பெண் அழவில்லை. "பரவாயில்ல சார். எனக்குத்தான் சரியாப் பாத்துப் போடத் தெரியல" என்றாள்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு என்னுடைய பதில். உனக்குத் தெரியாமல் இல்லை, பெண்ணே. குற்றம் உன்மேல் இல்லை. குற்றம் செய்தவர்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் சிநேகிதருடைய மகன் அம்பத்தூரில் இணையப் பக்கங்கள் அமைத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறான். அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இது என்னடா அநியாயம்?" என்று கேட்டேன். அவன் சொன்னதையும், அதற்குப் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் இங்கே சொல்கிறேன்.

காகிதத்துக்கு அகலம் உண்டு. இணையப் பக்கத்துக்குப் பிறவியில் அகலமே கிடையாது. 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் சுவிட்ஸர்லாந்திலுள்ள 'செர்ன்' ஆராய்ச்சிக் கூடத்தில் முதல் இணையப் பக்கத்தை வெளியிட்டார். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து ஜன்னலைக் குறுக்கினால் வரிகள் தாமாகவே மடிந்துகொள்ளும், அகட்டினால் விரியும். தண்ணீர் குடத்தில் குடமாகவும் செம்பில் செம்பாகவும் நிற்கிறதல்லவா, அந்த மாதிரி.

அதற்குப் பிறகு வந்தவர்கள் காகிதத்தில் பழகினவர்கள். தண்ணீரைக் கண்டதும் அதைச் செங்கல்லாக அறுக்கப் புறப்பட்டார்கள். கம்ப்யூட்டர் திரை ஆயிரக்கணக்கான ஒளிப்புள்ளிகளால் ஆனது. பிக்ஸல் என்கிறார்களே, அது. ஒரு காலத்தில் திரையின் அகலம் 640 புள்ளி, பிறகு 800, பிறகு 1024. ஒவ்வொரு காலத்திலும் தங்கள் மேஜைமேல் இருந்த திரைக்கு அளவெடுத்து, அந்த அளவில் பக்கத்தை ஆணி அடித்து நிறுத்தினார்கள். அடியில் ஓர் அறிவிப்பு வேறு: '800-க்கு 600 தெளிதிறனில் பார்ப்பது நலம்' என்று! இதன் அர்த்தம் என்ன? 'எங்கள் கடையில் ஒரே அளவுச் சட்டைதான் உண்டு. உடம்பை அதற்கேற்றபடி செதுக்கிக்கொண்டு வாரும்' என்பதுதானே?

2007-ல் ஐபோன் வந்தது. அதன் திரை அகலம் 320 புள்ளி. ஆனால் உலகத்துப் பக்கங்கள் எல்லாம் விறைத்துக்கொண்டு நின்றனவே, என்ன செய்வது? அந்தப் போன் ஒரு பொய் சொல்லக் கற்றுக்கொண்டது. 'என் அகலம் 980 புள்ளி' என்று பக்கத்திடம் பொய் சொல்லி, முழுப் பக்கத்தையும் வாங்கி, சுருக்கிக் காட்டியது. எறும்பெழுத்தின் ரகசியம் இதுதான். பக்கத்தின் தலைப்பில் ஒரே ஒரு வரிக் கட்டளை எழுதிவிட்டால் போன் உண்மையான அகலத்தைச் சொல்லிவிடும். ஒரே ஒரு வரி! அதை எழுதக்கூட மனசு வராதவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

2010 மே மாதத்தில் ஈதன் மார்க்கட் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். 'ரெஸ்பான்சிவ் வெப் டிஸைன்' என்று பெயர் வைத்தார். திரைக்கு இசைந்து கொடுக்கும் அமைப்பு என்று சொல்லலாம். மூன்றே சூத்திரங்கள்: பத்திகளின் அகலத்தைப் புள்ளிக் கணக்கில் வைக்காமல் வீதக் கணக்கில் வை, படங்கள் தாம் இருக்கும் இடத்தைத் தாண்டாமல் சுருங்கட்டும், திரையின் அகலத்தைக் கேட்டறிந்து, குறுகலாக இருந்தால் பக்கத்தில் பக்கமாக இருப்பவற்றை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கு. அகலத்தைக் கேட்டறியும் முறை 2012-ல் உலகப் பொதுத் தரமாகவும் ஆகிவிட்டது. விசேஷ இயந்திரம் வேண்டாம். தனியாக விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். நோய்க்கு மருந்து கண்டுபிடித்து, அதை இலவசமாகவும் கொடுத்த பிறகு, நோயாளி சாகிறான் என்றால் அதற்கு யார் பொறுப்பு?

"இப்போது வரும் போன்களுக்கு 1080 புள்ளி அகலம் இருக்கிறதே, கம்ப்யூட்டருக்குச் சமம் ஆகிவிட்டதே" என்று ஒரு கெட்டிக்கார வாதம் சொல்வார்கள். புள்ளி கூடியிருக்கிறது, வாஸ்தவம். 2010-ல் ஐபோனே தன் அகலத்தை 640 புள்ளியாக இரட்டித்தது. ஆனால் கண்ணாடி இரட்டிக்கவில்லையே! அதே இடத்தில் புள்ளிகளை நெருக்கி வைத்தார்கள். எழுத்து மழமழவென்று ஆயிற்று, அவ்வளவுதான். பக்கம் கட்டுகிற கணக்கில் அது பழைய 320 ஆகவேதான் இருந்தது. மாவை எத்தனை நைசாக அரைத்தாலும் தோசைக்கல் பெரிதாகிவிடுமா? மனிதனுடைய உள்ளங்கை அன்றும் உள்ளங்கைதான், இன்றும் உள்ளங்கைதான்.

தமிழனுக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. பனையோலையில் புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகும் என்று அந்தக் காலத்தில் ஏடு எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டார்கள். அதைச் சரியாகப் பிரித்துப் படிக்க உ. வே. சாமிநாதையரைப் போன்றவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அச்சு வந்து மீட்டுத் தந்த அந்தப் புள்ளி, இந்தச் சுருக்கின பக்கத்தில் மறுபடியும் காணாமல் போகிறது. நாற்பது வயதைத் தாண்டின கண்ணுக்குக் 'க' எது, 'க்' எது என்று புரிவதில்லை. அது மட்டுமா? ஆங்கிலத்தில் 'சப்மிட்' என்ற ஆறெழுத்துக்கு அளவெடுத்த பொத்தானில், 'விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்' என்பதைத் திணிக்கிறார்கள். சொல் பாதியில் அறுபடுகிறது. கொம்பும் காலும் கட்டத்துக்கு வெளியே தொங்குகின்றன. பொத்தானை விரியவிட்டால் தீர்ந்தது. விடமாட்டோம் என்கிறார்கள்.

நம் பாட்டிமார் பெட்டியில் 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை', 'பெரிய எழுத்து நல்லதங்காள் கதை' என்று சாணிக் காகிதத்தில் அச்சடித்த புஸ்தகங்கள் கிடக்கும். அவற்றைப் பார்த்துப் பரிகசித்தவர்களில் நானும் ஒருவன். இப்போது அந்தப் பிரசுரகர்த்தர்களுக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், மண்ணெண்ணெய் விளக்கடியில் படிக்கிறவன், கண் மங்கினவன், இவன்தான் நம் வாசகன் என்று தெரிந்துகொண்டு, அவன் கண்ணுக்குத் தக்கபடி எழுத்துக் கோத்தார்கள். அட்டையிலேயே 'பெரிய எழுத்து' என்று போட்டு அவனை வரவேற்றார்கள். நாலணாப் புஸ்தகக்காரனுக்கு இருந்த அந்த மரியாதை, லட்சக்கணக்கில் செலவழித்துப் பக்கம் திறக்கிற ஸ்தாபனங்களுக்கு இல்லையே!

கொஞ்சம் பழைய கதையும் நினைத்துப் பாருங்கள். 1995-ல் தமிழை இணையத்தில் முதன்முதலாக ஏற்றியவர்களில் ஒருவர் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி. அவரும் ஒரு கதாசிரியர்தான். 1998 பொங்கலன்று சுவிட்ஸர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்ட'த்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் வைக்கலானார். அந்த நாளில் ஒருவர் அடித்த தமிழ் இன்னொருவர் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரியும், ஆளுக்கொரு எழுத்துரு. அந்தச் சண்டையெல்லாம் ஓய்ந்து, 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. எந்த இயந்திரத்திலும் தமிழ் தெரிய வேண்டும் என்று அத்தனை பேர் உழைத்தார்கள். தெரிகிறது, ஆனால் பாதிதான் தெரிகிறது, மீதி கண்ணாடிக்கு வெளியே என்றால், அவர்கள் உழைப்பு எங்கே போயிற்று?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். பேஷாக இருக்கிறது. 2009-லேயே மத்திய அரசு தன் இணையத்தளங்களுக்கு விதிமுறை வெளியிட்டது. அதன் மூன்றாம் பதிப்பு 2023-ல் வந்தது. 2018-ல் வகுக்கப்பட்ட உலகத் தரத்தை அது ஏற்றுக்கொண்டது. அந்தத் தரத்தில், 320 புள்ளி அகலத்திலும் பக்கவாட்டில் தள்ளாமல் படிக்க முடிய வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பெரிய அட்டவணைக்கும் தேசப்படத்துக்கும் விலக்கு உண்டு; பெயரும் விலாசமும் கேட்கிற விண்ணப்பத்துக்கு விலக்குக் கிடையாது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. கண்ணாடியில்தான் இல்லை.

"பிறகு ஏனடா இப்படிச் செய்கிறீர்கள்?" என்று என் சிநேகிதர் மகனைக் கேட்டேன்.

அவன் சிரித்தான். "மாமா, பக்கத்தை ஆபீஸ்ல கொண்டுபோய்ச் சுவத்துத் திரையில பெரிசாப் போட்டுக் காட்டுவோம். பத்துப் பேர் உட்கார்ந்து பார்ப்பாங்க. 'லோகோ இன்னும் பெரிசா இருக்கட்டும், தலைவர் படம் மேலே ஓடணும்'னு சொல்லுவாங்க. 'ஒரு சின்னப் போன்ல திறந்து காட்டு'ன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கேட்டதில்ல. யார் பில் பாஸ் பண்றாங்களோ, அவங்க திரைக்குத்தான் நாங்க அளவெடுப்போம்" என்றான்.

இதைவிடத் தெளிவாக ஒரு வாக்குமூலம் கிடைக்குமா? பக்கம் படிக்கிறவனுக்காகச் செய்யப்படவில்லை. ஒப்புதல் கையெழுத்துப் போடுகிறவனுக்காகச் செய்யப்படுகிறது. திரையின் அகலம் என்பது பணப்பையின் அகலம். அகலத் திரை உள்ளவன் உள்ளே வரலாம், மற்றவன் வாசலில் நிற்கலாம் என்று எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காமலே காரியம் நடக்கிறது.

"அதற்குத்தான் ஆப் இருக்கிறதே, இறக்கிக்கொள்ளட்டுமே" என்பார்கள். ஒருநாள் விண்ணப்பத்துக்கு ஓர் ஆப்; மறுநாள் வரி கட்ட இன்னொரு ஆப். மூன்று கல்யாணப் போட்டோவிலேயே இடம் நிரம்பிப்போன போனில் எத்தனை ஆப்பை இறக்குவது? 2017-ல் 1,500 ரூபாய் முன்பணம் கட்டி எளிய ஜனங்கள் ஜியோபோன் வாங்கினார்களே, அதன் திரை 2.4 அங்குலம், அகலம் 240 புள்ளி. அவர்களும் பிரஜைகள்தானே?

"சின்னப் போன்களுக்கென்று தனியாக ஒரு சின்னத் தளம் வைத்திருக்கிறோம்" என்று வேறு சிலர் பெருமையடிப்பார்கள். திறந்து பார்த்தால் பாதி விஷயம் இருக்காது. 'மற்ற விவரங்களுக்குப் பெரிய தளத்தைப் பார்க்கவும்' என்று இருக்கும். முன்வாசல் பெரியவர்களுக்கு, புழக்கடை வாசல் மற்றவர்களுக்கு என்பது இந்த நாட்டுக்குப் புதிய ஏற்பாடு அல்ல. அந்தப் பாவத்தைக் கழுவ எத்தனையோ பேர் பாடுபட்டார்கள். கண்ணாடியிலும் அதைக் கொண்டுவந்து மாட்ட வேண்டுமா?

இவ்வளவு ஆவேசமாகப் பேசுகிற நான் யோக்கியனா? அதையும் சொல்லிவிடுகிறேன். என் நாவல்களைப் பற்றி ஓர் இணையப் பக்கம் சில வருஷங்களுக்கு முன் செய்துகொண்டேன். அட்டைப் படங்கள், என் புகைப்படம், கதைச் சுருக்கம் எல்லாவற்றையும் ஒரே படமாகச் செய்து பதித்திருந்தார்கள். நண்பர் ஒருவரின் பெரிய திரையில் பார்த்து, "பிரமாதம்!" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த இஸ்திரிக்கார அம்மாள் வந்துபோன மறுநாள், பழைய போன் ஒன்றை எடுத்து என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என் முகத்தில் பாதியும், ஒரு நாவலின் தலைப்பில் மூன்றெழுத்தும் தெரிந்தன. கதைச் சுருக்கம் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. ஊருக்கு உபதேசம் செய்ய வந்தவன்தான் இந்த வழக்கில் முதல் குற்றவாளி. பத்து நாளில் அந்தப் பக்கத்தைக் கலைத்து மறுபடி கட்டச் சொன்னேன். செலவைக் கேட்டுப் பயந்திருந்தேன். ஒரு வேஷ்டி சட்டை வாங்குகிற பணத்துக்குள் முடிந்தது.

வாசகர்களே, உங்களில் பலர் ஆபீஸில், பாங்கில், பள்ளிக்கூடத்தில், சங்கத்தில் பொறுப்பான பதவியில் இருப்பவர்கள். இணையப் பக்கத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் கூட்டத்தில் என்றாவது ஒருநாள் உட்காரப் போகிறவர்கள். அன்றைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். சுவரில் ஓடுகிற படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டாதீர்கள். உங்கள் ஆபீஸ் வாட்ச்மேனின் போனைக் கொஞ்சம் இரவல் கேளுங்கள். நடுப்பகல் வெயிலில் வெளியே வந்து நின்று, ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் கட்டை விரலால் அந்த விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசிவரை நிரப்பிப் பாருங்கள். முடிந்தால் கையெழுத்துப் போடுங்கள். முடியாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

எங்கள் ஊருக்கு ஒரு பழைய பெருமை உண்டு. கையில் காசில்லாத பூசலார் மனத்திலேயே ஒரு கோயில் கட்டினார் என்றும், அதே நாளில் குடமுழுக்கு வைத்திருந்த காடவர் அரசனிடம் இறைவன் கனவில் வந்து, 'நாளைக்கு நான் திருநின்றவூர்ப் பூசல் கட்டிய கோயிலுக்குப் போகிறேன்' என்று சொன்னார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் பூசலாரைத்தான் எல்லாரும் புகழ்வார்கள். எனக்கு இப்போது அந்த ராஜாவின்மேல் மதிப்பு அதிகமாகிறது. காஞ்சியில் கல்லால் அவ்வளவு பெரிய கோயில் கட்டினவன், 'என் கோயிலுக்கு என்ன குறை?' என்று அரண்மனையில் உட்கார்ந்து கேட்கவில்லை. புறப்பட்டுத் திருநின்றவூருக்கு வந்தான். அந்த ஏழை எங்கே இருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டு போய் நேரில் பார்த்தான்.

அந்தப் பெண் அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பம் போடப்போகிறாள். அதே போன்தான் அவள் கையில் இருக்கும். அந்த ஸ்தாபனத்தின் பெரியவர்களுக்கு நான் வழி சொல்கிறேன்: சென்ட்ரலில் திருவள்ளூர் வண்டி ஏறினால் நேரே எங்கள் ஊர். இஸ்திரி வண்டி எந்த வேப்பமரத்தடியில் நிற்கிறது என்று நானே வந்து காட்டுகிறேன்.